பழைய ரெலஸ்கோப்பும் ரொறன்ரோ வானமும்

நவம்பர் பிறந்தா எனக்கு ரெலிபோன் வரத் தொடங்கும். "அண்ணை, மகனுக்கு நத்தாருக்கு ஒரு ரெலஸ்கோப் வாங்குவம் எண்டு இருக்கிறம். கடையில நூற்றியிருபது டொலருக்குப் போட்டிருக்கிறான். 525 மடங்கு பெருப்பிச்சுக் காட்டுமாம். எடுக்கட்டோ?" நான் ஒவ்வொருமுறையும் சொல்லுற பதில் ஒண்டுதான். எடுக்காதேங்கோ. அந்தக் காசோட இன்னும் கொஞ்சம் சேர்த்து, ஆரோ பாவிச்சுப்போட்டு விக்கிறதை வாங்குங்கோ. உடன மற்றப் பக்கத்தில சத்தம் இல்லாமப் போகும். எங்கட சனத்துக்குப் 'பாவிச்சது' எண்ட சொல்லு காருக்கெண்டாப் பரவாயில்லை. பிள்ளைக்குக் குடுக்கிற பரிசுக்கெண்டா மானப் பிரச்சினை. இதை ஒருக்கா வடிவா எழுதி வைச்சா இனி ரெலிபோனில தொண்டைத்தண்ணி வத்தத் தேவையில்லை எண்டுதான் இந்தப் பதிவு.

முதல்ல அந்த 525 மடங்கு. எங்களில ஏ.எல். பௌதிகவியல் படிச்ச ஆக்கள் எல்லாருக்கும் வானியல் தொலைகாட்டி தெரியும். கதிர்ப்படம் கீறி, அம்புக்குறி போட்டு, பொருள்வில்லையின்ர குவியத்தூரத்தைப் பார்வைத்துண்டின்ர குவியத்தூரத்தால பிரிச்சு விடை எடுத்து, புள்ளியும் வாங்கினனாங்கள். ஆனா அதுக்குள்ளால ஒருக்காலும் கண்ணை வைச்சுப் பாத்ததில்லை. (எங்கட படிப்பைப் பற்றி இதுக்கு மேல நான் சொல்ல ஒண்டுமில்லை.) அந்தக் கணக்கையே இதுக்கும் போட்டுப் பாருங்கோ. 60 மில்லிமீற்றர் வில்லை, 700 மில்லிமீற்றர் குவியத்தூரம். 4 மில்லிமீற்றர் பார்வைத்துண்டு போட்டா 175 மடங்கு. அதோட மூண்டு மடங்கு கூட்டுற ஒரு பார்லோ வில்லையைச் செருகினா 525. கணக்குப் பிழையில்லை. ஆனா 60 மில்லிமீற்றர் வாய்க்குள்ளால வாற வெளிச்சம் அவ்வளவு பெருப்பத்தைத் தாங்காது. வாயின்ர விட்டத்தை மில்லிமீற்றரில எடுத்து இரண்டால பெருக்கினா வாறதுதான் ஆகக் கூடிய மடங்கு எண்டு ஒரு பொதுக் கணக்கு இருக்கு. 60 க்கு 120. அதுக்கு மேல போனா மங்கலாப் போன ஒண்டைப் பெரிசாப் பாக்கிறதுதான் மிச்சம். கலிலியோ 1610 இல வியாழன்ர நாலு சந்திரனையும் கண்டு பிடிக்கேக்க அந்த மனுசன்ர குழல் ஏறத்தாழ 20 மடங்குதான்.

மடங்கை விடப் பெரிய பிரச்சினை கால். அந்தப் பெட்டிக்குள்ள வாற முக்காலி சிலந்திக்கால் மாதிரி. நிலவை ஒரு மாதிரிப் பிடிச்சு வைச்சுப் பிள்ளையைக் கூப்பிட்டா, பிள்ளையின்ர மூக்குப் பட்டதும் நிலவு ஓடிப்போடும். மூண்டாம் நாள் பிள்ளை அலுத்துப்போய் ரப்லெற்றை எடுத்துக்கொண்டு போயிடும். தாய் சொல்லுவா, "இவனுக்கு உதில விருப்பமில்லை." நான் இதை எங்கட சனத்தின்ர வீடுகளில எத்தினை தரம் கண்டிருப்பன். அந்தப் பிள்ளைக்கு விருப்பம் இருந்தது. கையில குடுத்த சாமான்தான் சரியில்லை. எனக்குக் கோபம் வாற இடம் இதுதான். நூற்றியிருபது டொலர் போனாப் போகுது. ஒரு பத்து வயசுப் பிள்ளையின்ர ஆசை திரும்ப வராது.

அப்ப என்ன வாங்கிறது? நான் கேக்கிற ஆக்களுக்குச் சொல்லுறது ஆறு இஞ்சி அல்லது எட்டு இஞ்சி டொப்சோனியன். ஒரு நீட்டுக் குழல், அடியில ஒரு குழிவாடி, அதை வைச்சுத் திருப்புறதுக்கு ஒரு மரப்பெட்டி. மோட்டர் இல்லை, கொம்பியூற்றர் இல்லை, கரண்ட் தேவையில்லை. கையால தள்ளினாத் திரும்பும், விட்டா நிக்கும். ஆறு இஞ்சி புதுசா வாங்கப் போனா வரியோட ஐந்நூறு டொலரைத் தாண்டும். பாவிச்சதை நான் இருநூற்றைம்பதில இருந்து முந்நூறுக்குள்ள கண்டிருக்கிறன். ஆளிட்டை ஆள் வாங்கிறதால ஒன்ராறியோவின்ர 13 வீத வரியும் இல்லை.

இந்த டொப்சோனியன்ர கதை எங்கட ஆக்களுக்குப் பிடிக்கும். ஜோன் டொப்சன் 1915 இல பீக்கிங்கில பிறந்த அமெரிக்கர். 1944 இல சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தின்ர மடத்தில துறவியாச் சேர்ந்தவர். ஆமாம், ராமகிருஷ்ண மடத்துத் துறவி. மடத்தில காசு இல்லை. கப்பல் யன்னலுக்குப் போடுற பழைய கண்ணாடியை எடுத்துத் தன்ர கையால தேய்ச்சு ஆடி செய்தார். கடுதாசிக் குழல், பழைய பலகை. மடத்துக்குத் தெரியாமச் செய்து அக்கம்பக்கத்துச் சனத்துக்குக் காட்டிக்கொண்டு திரிஞ்சதில 1967 இல மடத்தை விட்டு அனுப்பிப்போட்டினம். அடுத்த வருசமே நடைபாதையில ரெலஸ்கோப்பை வைச்சு வாறவன் போறவனுக்கெல்லாம் வானத்தைக் காட்டுற ஒரு கூட்டத்தைத் தொடங்கினார். அந்த வடிவமைப்புக்கு அவர் காப்புரிமை எடுக்கேல்லை. 2014 இல 98 வயசில செத்தார். இண்டைக்கு உலகம் முழுக்க விக்கிற மலிவான நல்ல ரெலஸ்கோப்புக்கு அந்தாளின்ர பேர்தான். காசில்லாதவன் கண்டுபிடிச்ச சாமானைக் காசுள்ளவன்ர விளையாட்டு எண்டு நாங்கள் ஒதுங்கி நிக்கிறது எனக்குப் பகிடியாத்தான் இருக்கு.

பாவிச்சதைப் பற்றிப் பயப்பிடுறவைக்கு ஒண்டு சொல்லுறன். காருக்கு இயந்திரம் தேயும், கொம்பியூற்றர் நாலு வருசத்தில பழசாகும். கண்ணாடி தேயாது. இருபது வருசத்துக்கு முதல் செய்த ஆடி இண்டைக்கும் அதே சனியைத்தான் காட்டும். கோவிட் காலத்தில வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கேக்க கனபேர் ரெலஸ்கோப் வாங்கினவை. பேந்து 2024 ஏப்ரல் 8 சூரிய கிரகணத்துக்கெண்டும் வாங்கினவை. ஹமில்ரனும் நயாகராவும் முழுக் கிரகணப் பாதைக்குள்ள, ரொறன்ரோ மயிரிழையில வெளியால. அண்டைக்குப் பாத்து முகிலும் மூடிப்போட்டுது. அப்பிடி வாங்கின சாமான்களில கொஞ்சம் இப்ப பேஸ்மென்ற்றில உடுப்புத் தொங்கிக்கொண்டு கிடக்கு. கிஜிஜியில, பேஸ்புக் மார்க்கற்பிளேசில தேடினா வரும். கனடாவில வானியல் சாமான்களுக்கெண்டே அஸ்ட்ரோபைசெல் எண்டு ஒரு விளம்பரத்தளம் இருக்கு. அங்க விக்கிறவை பெரும்பாலும் உந்தப் பொழுதுபோக்கிலயே கிடக்கிற ஆக்கள். பெரிசு வாங்கப் போறதால சின்னதை விப்பினம். சாமானை வடிவா வைச்சிருந்திருப்பினம், கேள்வி கேட்டா ஒரு மணித்தியாலம் நிண்டு பதிலும் சொல்லுவினம்.

போய்ப் பாக்கேக்க பகலில போங்கோ. குழலுக்குள்ள எட்டிப் பாத்தா ஆடியில தூசி இருக்கும், அதுக்குப் பயப்பிடாதேங்கோ. ஒரு சின்ன ரோர்ச்சை அடிச்சு எந்த ஆடியைப் பாத்தாலும் பயங்கரமாத்தான் தெரியும். பாக்கவேண்டியது வேற. பூச்சு உரிஞ்சு பொட்டுப் பொட்டாப் போயிருக்கோ, ஓரத்தில பூஞ்சணம் சிலந்திவலை மாதிரிப் படர்ந்திருக்கோ, விளிம்பு உடைஞ்சிருக்கோ. பார்வைத்துண்டு செருகிற துளை ஒண்டேகால் இஞ்சியாக இருக்கவேணும். பழைய மலிவுச் சாமான்களில அது ஒரு இஞ்சியிலும் குறைவா இருக்கும், அதுக்கு நல்ல பார்வைத்துண்டு தேடிக் களைச்சுப் போவியள். குழல் அரை மீற்றர் நீளம், ஆனா பெட்டியில 1000 மில்லிமீற்றர் குவியத்தூரம் எண்டு போட்டிருந்தா, இடையில ஒரு மலிவு வில்லையைப் போட்டு நீட்டியிருக்கிறாங்கள் எண்டு அர்த்தம். கும்பிட்டுப்போட்டு வாங்கோ.

மோட்டரும் கொம்பியூற்றரும் வைச்ச பழைய சாமானை முதல் ரெலஸ்கோப்பா எடுக்கவேண்டாம் எண்டது என்ர கருத்து. ஓரியனும் மீடும் அமெரிக்காவில பேர்போன கொம்பனியள். ஒரே முதலாளியின்ர கையில இருந்த இரண்டும் 2024 ஜூலையில இழுத்து மூடினதோட அந்த றிமோட்டும் போர்டும் பழுதாப்போனா ஆரிட்டைக் கேக்கிறது? அதே ஓரியன்ர சும்மா டொப்சோனியன் எண்டா யோசிக்காம எடுக்கலாம். அதில பழுதாப்போக என்ன கிடக்கு?

இன்னொண்டு. இதை மட்டும் பகிடியா எடுக்காதேங்கோ. பழைய பெட்டிகளுக்குள்ள 'சன்' எண்டு எழுதின ஒரு சின்னக் கறுப்புக் கண்ணாடி கிடக்கும், பார்வைத்துண்டில திருகிறது. அதை அண்டைக்கே குப்பையில போடுங்கோ. குவிஞ்ச சூரிய வெக்கையில அது வெடிக்கும். வெடிக்கிற நேரம் அதுக்குப் பின்னால ஒரு கண் இருக்கும். சூரியனைப் பாக்கிறதெண்டாக் குழலின்ர முன்வாயை முழுதா மூடுற வடிகட்டி தனியா விக்கினம், அது மட்டும்தான்.

சரி, வாங்கியாச்சு. இனி அடுத்த புலம்பல்: "ரொறன்ரோவில எங்க நட்சத்திரம் தெரியுது?" இது பாதி உண்மை. ஸ்காபரோவில என்ர கட்டிடத்துக்குப் பின்னால நிண்டு வெறுங்கண்ணால எண்ணினா ஒரு நல்ல இரவில முப்பது நாப்பது தேறும். பால்வீதி இல்லை. ஆனா நிலவுக்கும் வியாழனுக்கும் சனிக்கும் தெரு லைற்றைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. நிலவைப் பௌர்ணமியில பாக்காதேங்கோ, தட்டையா இருக்கும். ஏழாம் எட்டாம் பிறையில பாத்தா வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டில மலையளின்ர நிழல் விழுந்து கிடக்கும். வியாழன்ர நாலு சந்திரனும் இண்டைக்கு நிண்ட இடத்தில நாளைக்கு நிக்காது. சனியின்ர வளையம் 2025 மார்ச்சில விளிம்பை எங்கட பக்கம் திருப்பினதால கோடு மாதிரி மெலிஞ்சு போச்சு. அதில இருந்து வருசத்துக்கு வருசம் விரியுது. இந்த மூண்டுக்குமே ஒரு பிள்ளைக்கு இரண்டு வருசம் காணும்.

வெளிச்சம் இல்லாட்டி இந்த நகரத்துக்கு மேல என்ன இருக்குது எண்டதை 2003 ஆகஸ்ட் 14 ஆம் திகதி எல்லாரும் கண்டவை. பின்னேரம் நாலு மணி போல ஒன்ராறியோவிலயும் அமெரிக்காவின்ர வடகிழக்கிலயும் ஐந்து கோடிச் சனத்துக்குக் கரண்ட் நிண்ட நாள். அந்த மாதம் செவ்வாய்க் கிரகம் ஏறத்தாழ 60,000 வருசத்தில இல்லாத அளவு பூமிக்குக் கிட்ட வந்திருந்தது. இருட்டின நகரத்துக்கு மேல தேய்பிறை நிலவும் நெருப்புத்தணல் மாதிரிச் செவ்வாயும் ஏறி வந்தது. இஞ்ச பிறந்து வளர்ந்த சனம் வீதிக்கு வந்து அண்ணாந்து பாத்து அதிசயப்பட்டது. எங்களுக்கு அது அதிசயமில்லை. யாழ்ப்பாணத்தில 1990 இல போன கரண்ட் வருசக்கணக்கா வரேல்லை. ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுப் படிச்ச பெடியளுக்குப் பால்வீதி முற்றத்துக்கு மேல தொங்கின சாமான். ஆனா அந்த வானத்தை ஆர் ஆறுதலாப் பாத்தது? வானத்தில வெளிச்சம் எண்டாப் பரா லைற், சத்தம் எண்டாப் பொம்மர். அண்ணாந்து பாக்கிறது எங்க விழப்போகுது எண்டு அறியிறதுக்கு. உலகத்திலயே நல்ல இருட்டு வானம் ஒண்டு எங்கட தலைக்கு மேல இருந்த காலத்தில நாங்கள் பங்கருக்குள்ள கிடந்தம். இப்ப பயமில்லாத வானம் கிடைச்சிருக்கு, நட்சத்திரம் குறைவு. நான் இந்தப் பேரத்துக்குச் சம்மதம்.

ஒருநாள் குழலைத் தூக்கிக்கொண்டு லிப்ற்றுக்குள்ள ஏற, பதினொராம் மாடியில இருக்கிற எங்கட ஐயா ஒருத்தர் உத்துப் பாத்துப்போட்டுக் கேட்டார், "தம்பி, உது எண்பத்தொண்டை விடப் பெரிசா இருக்கு, என்ன சாமான்?" எண்பத்தொண்டு எண்டா என்னெண்டு தெரியாதவைக்கு: 81 மில்லிமீற்றர் மோட்டர். "இது நூற்றைம்பது ஐயா, ஆனா இது வெளியால ஒண்டும் அனுப்பாது, வாறதைப் பிடிக்கிறது மட்டும்தான்" எண்டன். ஆள் என்னோட கார்ப் பார்க்கிங்குக்கு வந்து நிலவைக் கனநேரம் பாத்தார். உந்தக் குழியெல்லாம் என்னத்தால எண்டு கேட்டார். மேல இருந்து கல்லு விழுந்த குழி எண்டன். "ஓ, அப்ப அங்கயும் அடிச்சிருக்கிறாங்கள்" எண்டிட்டுத் திரும்பவும் குனிஞ்சு பாத்தார்.

அப்பார்ட்மென்ற்றில இருக்கிறவைக்கு ஒரு வார்த்தை. யன்னல் கண்ணாடிக்குள்ளால பாக்காதேங்கோ, யன்னலைத் திறந்து வைச்சும் பாக்காதேங்கோ. அறைச் சூடு வெளியால போகேக்க படம் கொதிதண்ணிக்குள்ளால பாக்கிறது மாதிரி அலையும். பல்கனி பரவாயில்லை, தெற்குப் பக்கம் எண்டாக் கிரகங்கள் எல்லாம் அந்தப் பக்கத்தாலதான் போகும். குளிர்காலத்தில 22 பாகையில இருந்து மைனஸ் பத்துக்குக் கொண்டு போன ஆடி ஆற அரை மணியில இருந்து ஒரு மணித்தியாலம் எடுக்கும். அதை முதலே வெளியில வைச்சுப்போட்டுத் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. திரும்ப உள்ளுக்குக் கொண்டு வரேக்க மூடியைப் போட்டுக்கொண்டு வாங்கோ. இல்லாட்டி ஆடி வியர்த்து ஒழுகும். கையுறை, இரண்டு சோடி காலுறை, தொப்பி. குளிரில நிண்டு வேலை செய்த ஆக்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

தனிய நிண்டு பாக்க அலுத்தா இந்த ஊரில துணைக்கு ஆள் இருக்கு. கனடாவின்ர அரச வானியல் சங்கம் தொடங்கினதே இஞ்ச ரொறன்ரோவிலதான், 1868 இல. அவையின்ர ரொறன்ரோக் கிளை பொதுச்சனத்துக்கெண்டு வானம் பாக்கிற இரவுகள் வைக்கிறது. காசில்லை, முன்னப்பின்னத் தெரிஞ்சிருக்கத் தேவையுமில்லை. பத்துப் பதினைஞ்சு ரெலஸ்கோப் வரிசையா நிக்கும், ஒவ்வொண்டாக் கண்ணை வைச்சுப் பாத்து எது உங்களுக்குச் சரிவரும் எண்டு அறியலாம். ரெலஸ்கோப் வாங்க முதலே அங்க ஒருக்காப் போனா நல்லது. முதல் நாள் போகேக்க எனக்கும் கூச்சமாத்தான் இருந்தது. இருட்டில ஆரும் ஆற்றையும் நிறத்தையும் இங்கிலிசையும் பாக்கிறேல்லை எண்டது கெதியா விளங்கிச்சுது. அங்க எல்லாரும் மற்றவனைத் தன்ர குழலுக்குள்ளால பாக்க வைக்கவேணும் எண்டுதான் நிக்கினம்.

ரிச்மண்ட் ஹில்லிலயும் மார்க்கத்திலயும் வீடு வாங்கியிருக்கிற எங்கட சனத்தில எத்தினை பேருக்கு டேவிட் டன்லப் வானியல் ஆய்வுக்கூடம் தெரியும் எண்டு எனக்குச் சந்தேகம். பேவியூ வீதிப் பக்கம் மரங்களுக்குள்ளால வெள்ளைக் குவிமாடம் தெரியும். 1935 இல திறக்கேக்க அங்க இருக்கிற 74 இஞ்சி ரெலஸ்கோப் உலகத்தில இரண்டாவது பெரிசு, கனடாவில இண்டைக்கும் அதுதான் பெரிசு. வானத்தில 'சிக்னஸ் எக்ஸ் 1' ஒரு கருந்துளையாத்தான் இருக்கவேணும் எண்டதை 1971, 72 இல ரொம் போல்ற்றன் எண்டவர் அங்க இருந்து பாத்துத்தான் சொன்னவர். ரொறன்ரோப் பல்கலைக்கழகம் 2008 இல காணியோட வித்துப்போட்டுது. வானியல் சங்கக்காரரும் ஊர்ச்சனமும் விடாம நிண்டதால கட்டிடம் தப்பி, இப்ப நகரசபையின்ர கையில, 2019 இல தேசிய வரலாற்றுச் சின்னமாயும் ஆச்சு. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நயாகரா நீர்வீழ்ச்சி அடுத்த கிழமையும் விழும்.

உண்மையான இருட்டு வேணுமெண்டாக் கிரேவன்ஹேர்ஸ்ட்டுக்குக் கிட்ட ரொறன்ஸ் பாரன்ஸ். 1999 இல இருட்டு வானத்துக்கெண்டே ஒதுக்கின இடம், இரண்டு இரண்டரை மணித்தியால ஓட்டம். பாறையில பாயை விரிச்சுப் படுத்தால் ஊர் வானம் திரும்ப வரும். முழுசா வராது. அகத்தியர் நட்சத்திரத்தை இஞ்ச காண ஏலாது, அது கனடாவின்ர தெற்கு அடிவானத்துக்குக் கீழ. அதே போல துருவ நட்சத்திரம் யாழ்ப்பாணத்தில பனைமரத்துக்குக் கீழ, பத்துப் பாகை கூட இல்லை. இஞ்ச நாப்பத்திநாலு பாகையில நிக்கும். நாங்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறம் எண்டு அளக்கிறதுக்கு அதை விட நல்ல அடிமட்டம் எனக்குத் தெரியேல்லை.

நட்சத்திரப் பேரில நாங்கள் பணக்காரர். பிள்ளை பிறந்த உடன கார்த்திகையோ ரோகிணியோ எண்டு கேக்கிற சனம் நாங்கள். ஆனா அண்ணாந்து பாத்துக் கார்த்திகையைக் காட்டச் சொன்னா எத்தினை பேர் காட்டுவினம்? கார்த்திகை எண்டது குளிர்காலத்தில உச்சியில குஞ்சுத் திராட்சைக்குலை மாதிரித் தெரியுற கூட்டம், சின்னத் தூரதரிசனக் கண்ணாடியிலயே அள்ளிக் கொட்டும். ரோகிணி அதுக்குக் கிட்டச் செம்மஞ்சளா. திருவாதிரை வேட்டைக்காரன்ர தோளில சிவப்பா. தைப்பூசத்துப் பூசம் கடகராசியில மங்கலான ஒரு தேன்கூட்டுக்குப் பக்கத்தில, நிலவில்லாத நாளில பாக்கவேணும்.

அருந்ததியை எடுங்கோ. இஞ்ச கலியாண மண்டபத்தில ஐயர் பகல் பதினொரு மணிக்கு மாப்பிள்ளை பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு போய்க் கார்ப் பார்க்கிங்குக்கு மேல காட்டுவார், அவையும் தெரியுது எண்டு தலையாட்டுவினம். உண்மையில அருந்ததிக்கு இந்த ஊர் நல்ல வசதி. ரொறன்ரோ வானத்தில சப்தரிசி மண்டலத்தின்ர அந்தப் பகுதி வருசத்தில ஒரு இரவும் மறையாது. வால்பக்கம் வளையிற இடத்தில நிக்கிறவர் வசிட்டர், அவரோட ஒட்டின சின்னப் புள்ளி அருந்ததி. அந்த வசிட்டரை ஆறு இஞ்சிக்குள்ளால 50 மடங்கில பாத்தா அவரே இரண்டாப் பிரிஞ்சு நிப்பார். வெளிச்சம் நிறைஞ்ச நகரத்துக்குள்ள நிண்டே பாக்கலாம். கலியாணம் முடிஞ்ச ஆக்கள் இரவு ஒருக்கா வெளியில வந்து பாருங்கோ.

நான் சொல்ல வந்ததில பெரிசு ஒண்டு மிச்சம் கிடக்கு. ரொறன்ரோவில ஊர்ச்சங்கத்துக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் பஞ்சமில்லை. வருசம் தவறாமல் இராப்போசன விருந்து, பாட்டு, டான்ஸ், சேர்த்த காசில ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மதில், வளைவு, வளைவில பேர். நான் மதிலுக்கு எதிரியில்லை. ஆனா ஒரு வளைவுக்குப் போற காசில எத்தினை ஆடி வாங்கலாம் எண்டு ஆராவது கணக்குப் பாத்ததோ? யாழ்ப்பாணத்தில இருந்து பாத்தா வடக்கில துருவ நட்சத்திரமும் தெரியும், தெற்கில அகத்தியரும் தென்சிலுவையும் தெரியும். ரெலஸ்கோப் வைச்சிருக்கிற இந்த ஊர்க்காரனுக்குக் கிடைக்காத வானம். 2019 டிசெம்பர் 26 கங்கண கிரகணம் வட இலங்கைக்கு மேலால போனது. அந்த நாளுக்கு எங்கட பள்ளிக்கூடங்கள் எத்தினையில ஒரு ரெலஸ்கோப் இருந்தது?

இதை ஒரு கூட்டத்தில சொன்னன். "அனுப்பிற செலவு ஆர் குடுக்கிறது, கஸ்ரம்ஸ் விடுமோ, பேந்து அலுமாரிக்குள்ள பூட்டி வைப்பினம்" எண்டினம். கடைசிச் சொல்லு சரி. பூட்டி வைக்காத ஒரு வாத்தியாரை முதல் கண்டுபிடிக்கவேணும், அதுதான் கஷ்டமான பகுதி. மற்றதுகளுக்கு வழி இருக்கு. முழுச் சாமானையும் அனுப்பத் தேவையில்லை. ஆறு இஞ்சி ஆடி ஒரு கிலோ அளவுதான், துணியால சுத்திக் கைப்பையில கொண்டு போகலாம். அதோட சின்னச் சாய்வாடி, பார்வைத்துண்டு இரண்டு, அது செருகிற குழாய். பழைய டொப்சோனியன் ஒண்டைக் கழட்டினா இதெல்லாம் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள்ள அடங்கும். குழலும் பெட்டியும் அங்க செய்யலாம். டொப்சன் கடுதாசிக் குழலில செய்ததை யாழ்ப்பாணத்துத் தச்சு வேலைக்காரர் பிளைவூட்டில செய்யமாட்டினமோ? குழலுக்கு ஏழு எட்டு இஞ்சி விட்டத்தில பி.வி.சி. குழாய் எடுக்கலாம், நீளம் ஆடியின்ர குவியத்தூரத்தைப் பொறுத்தது, பெரும்பாலான ஆறு இஞ்சிக்கு 1200 மில்லிமீற்றர். ஆடிக்கும் வாய்க்கும் இடையில சாய்வாடி நிக்கிற இடத்தை அளந்துதான் துளை போடவேணும். அங்க போற ஆக்கள் ஆராவது இருந்தா எழுதுங்கோ. ஒரு ஆடி என்னட்டைக் கிடக்கு. அளவெல்லாம் கீறித் தாறன்.